கானுக்குக் கீழே பத்துப் பேர்ச்

அந்தப் புது வீட்டுக்குள் காலை வைத்ததும் நான் செய்த முதல் வேலை, சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. பெயின்ட் வாடை குப்பென்று அடித்தது. நேற்றோ முந்தாநாளோ அடித்த பெயின்ட்.

"எதை மறைக்கிறதுக்கு இவ்வளவு அவசரமா பெயின்ட் அடிச்சீங்க, பாஸ்?" என்று கேட்டேன்.

"சுவரை மறைக்கத்தாங்க்கா," என்று சொல்லிச் சிரித்தார் அவர்.

பாஸ் என்றால் எங்கள் பக்கம் கொத்து வேலைக்காரர். இவர் எங்களைப் போல லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்தான். கொழும்பில் பல வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வட்டவளைக்கும் றொசல்லைக்கும் நடுவில் எஸ்டேட்டை ஒட்டினாற்போல ஒரு துண்டுக் காணி வாங்கினார். அது யாரோ ஒரு முதலாளியின் சின்னத் தேயிலைத் தோட்டமாக இருந்த இடம். அதில் வரிசையாக மூன்று வீடு. ஒன்றில் அவருடைய தங்கச்சி குடும்பம் ஏற்கெனவே குடிவந்துவிட்டது. கடைசி வீடு கூரை போடாமல் நின்றது. நடுவில் இருந்ததைத்தான் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வாய் சிரிக்கும்போது கண் சிரிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. கூட வந்த என் வீட்டுக்காரரின், அதான் என் புருசனின், காதில் அதைச் சொன்னேன்.

"மனுசனுக்குப் பல்லு வலியா இருக்கும்," என்றார் அவர்.

எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான். முப்பது வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்கு வழி காட்டியவருக்கு எவர் மேலும் சந்தேகம் வராது. எனக்கோ எல்லார் மேலும் வரும். அன்றும் நான் குழாயைத் திறந்து மூடி, கதவைத் தட்டி, சமையலறைத் தரையில் குதிகாலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்பக்கம் போய் நின்று மேலே ஓடிய கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கான்," என்றார் திரும்பி வந்து. "வாட்டம் பார்த்து வெட்டியிருக்கான்."

வீட்டைப் பார்க்க வந்து கானைப் பாராட்டிய மனிதர் இவராகத்தான் இருப்பார்.

எதற்காக எனக்கு இந்தச் சந்தேகம் எல்லாம் என்று கேட்டால், இரண்டு காகிதங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது கையெழுத்து வைத்த காகிதம். கூட்டிப்போன ஏஜன்சிக்காரர் தமிழ் ஆள். "நம்ம ஆளுங்கம்மா நான், கண்ணை மூடிக்கிட்டு வைங்க," என்றார். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். அங்கே போய் இறங்கினால் ஒரு வீட்டு வேலை என்றது மூன்று வீட்டு வேலையாக இருந்தது. அக்கா, தங்கை, மாமியார் என்று மூன்று வீடு. கேட்டால் காகிதத்தைக் காட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அன்றைக்குப் பிடித்த வைராக்கியம், பால்மா டின், மருந்துப் பெட்டி, சவர்க்கார உறை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து ஆங்கில எழுத்தை நானே கூட்டி வாசிக்கப் பழகினேன். ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் யாராலும் களவெடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இரண்டாவது, என் மகளுக்கு வந்த கடிதம். தாதிப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு என்று கூப்பிட்டிருந்தார்கள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஏது விலாசம்? எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து நான்கு நாள். யார் மேசையில் கிடந்ததோ, எந்த ரெஜிஸ்டருக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. மகள் அழவில்லை. கடிதத்தை மடித்து, திரும்பவும் உறைக்குள் வைத்து, இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். இப்போது கொழும்பில் ஒரு துணிக் கடையில் நிற்கிறாள்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். என் பேரில் உறுதி, அதாவது பத்திரம், எழுதின ஒரு வீடு. கடிதம் நேராக அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். சின்ன வீடானாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் துடைத்த ஒவ்வொரு தரையையும் நான் அதற்காகத்தான் துடைத்தேன்.

இனி பாஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் ஒப்பந்தத்தைக் கையோடு தயாராக வைத்திருந்தார். சிங்களத்தில் டைப் அடித்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திக்கொண்டு, "அக்கா, இதுல ஒண்ணும் இல்ல. ஒரு ஒப்பம் வைங்க, நான் உங்களுக்கு வீட்டைப் புடிச்சு வைக்கிறேன். நாளைக்கு வேற பார்ட்டி வருது," என்றார்.

"ஒண்ணும் இல்லாத காகிதத்துல எதுக்கு ஒப்பம்?" என்றேன்.

"அய்யோ, நம்ம ஆளுக்கா நான்!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முதுகில் அட்டை ஏறினது மாதிரி இருந்தது. காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "படிச்சிட்டுத் தர்றேன்," என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. வீட்டுக்காரருக்கோ வெட்கம். பஸ்ஸில் வரும்போது, "மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"முதுகுக்குப் பின்னாடி சொன்னா கேக்காதுல்ல."

முன் சீட்டில் இருந்த மரக்கறி விற்கிற அம்மா, அடிக்கடி அந்த பஸ்ஸில் வருபவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "புது வீட்டுச் சுவரு இப்ப ஒண்ணும் சொல்லாது தங்கச்சி. ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவா வாயைத் திறக்கும்." நான் வீட்டுக்குப் போனதும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன். யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த அம்மா சொன்னதைக் கேட்டு, அடுத்த முறை நல்ல மழை நாளாகப் பார்த்துப் போய் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நின்றேன். வட்டவளையில் மழைக்கு என்ன பஞ்சம்? ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தை ஹட்டனில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர். உறுதி எழுதிப் பதிகிற நொத்தாரிசு வேலையும் பார்ப்பவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதிலை கையெழுத்து வைச்சிட்டீங்களோ?"

"இல்லைங்கம்மா."

"நல்ல வேலை செய்தீங்கள். இதின்படி நீங்கள் மனம் மாறினால் முற்பணம் அவருக்கு. அவர் மனம் மாறினாலும் முற்பணம் அவருக்கு." சிரிக்காமல் சொன்னார். "நான் வேறை எழுதித் தாறன். சரி, பிளான் எங்கை?"

பாஸ் தந்த நில அளவைப் பிளானின் போட்டோக் கொப்பியை நீட்டினேன். கொப்பியின் கொப்பி. கோடுகள் எல்லாம் மங்கிப்போய், எங்கள் துண்டு மட்டும் ஒரு பெட்டியாகத் தெரிந்தது. பத்துப் பேர்ச் என்று எழுதியிருந்தது. நூற்றறுபது பேர்ச் சேர்ந்தால் ஒரு ஏக்கர்.

"ஆரும் இதை நிலத்திலை வைச்சுப் பாத்தவையோ?"

"பார்த்தோங்க. எங்க வீட்டுக்காரர் காலால அளந்தாரு. சரியா இருக்கு."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அம்மா, கடதாசியிலை ஒரு வீடு இருக்கும். நிலத்திலை ஒரு வீடு இருக்கும். ரெண்டும் ஒண்டோ எண்டு சொல்ல உங்கடை மனுசன்ரை கால் போதாது. ஒரு நில அளவையாளரைப் பிடியுங்கோ. விக்கிறவர் காட்டுற ஆள் வேண்டாம்."

விற்கிறவர் காட்டும் ஆள் வேண்டாம் என்றதும் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் மெல்ல விசாரித்தேன், இந்த அம்மாவுக்கும் பாஸுக்கும் பழக்கம் உண்டா என்று. இல்லை என்றார்கள். கடைக்காரரும் பாஸுக்குச் சொந்தமாக இருப்பாரோ என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் அளந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டுக்குப் பின்னால் மேலே ஓடிய கானில் தொடங்கி, முன்னால் கீழே ஓடிய கான் வரைக்கும் அடிமேல் அடி வைத்து நடந்தார். பிளானில் இருந்த நீளத்துக்கு ஒரு அடிகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"இந்தா பாரு," என்றார் பெருமையாக. "மேல் கானுக்கு அந்தாண்ட எஸ்டேட்டு. கீழ் கானுக்கு இந்தாண்ட ரோட்டோரம். நடுவுல நம்ம காணி. இதுக்கு எதுக்கு அளவைக்காரன்?"

நானும் தலையாட்டினேன். வாசிக்கிறவர்களுக்கு இது விளங்க வேண்டும். தோட்டத்தில் எங்களுக்கு எல்லாமே கான்தான். காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி வேலை பிரிக்கும்போது, "மூணாம் கானுக்கு மேல நீங்க, கீழ அவங்க," என்பார். யாருடைய நிரை எங்கே முடிகிறது என்று கேட்டால் கானைத்தான் காட்டுவோம். ஒரு கானைத் தாண்டி அடுத்தவள் நிரையில் கொழுந்து கிள்ளினால் சண்டை வரும். நானே அப்படி ஒருத்தியின் கூடையைத் தட்டிவிட்டிருக்கிறேன். பெயின்டைச் சந்தேகப்பட்டேன், குழாயைச் சந்தேகப்பட்டேன், மழை ஒழுகாததைக்கூடச் சந்தேகப்பட்டேன். கானைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

சட்டத்தரணி அம்மா ஆங்கிலத்தில் புதிதாக எழுதிய ஒப்பந்தத்தில், நிலத்தை அளந்து பிளானோடு ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு வாங்குவேன் என்று ஒரு பிரிவு இருந்தது. பாஸ் அதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அளந்துக்கோங்க, எனக்கென்ன," என்று ஒப்பம் வைத்தார். உடனே வைத்ததுதான் எனக்கு உறுத்தியது. மறுத்திருந்தால் ஏன் மறுக்கிறார் என்று உறுத்தியிருக்கும், அது வேறு விஷயம்.

நில அளவையாளர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள மனிதர். குடையும் முக்காலியுமாக வந்தார். முக்காலி என்றால் உட்காருகிறது இல்லை, மேலே கருவி பூட்டி வைக்கிற மூன்று கால். கூட, தலை நரைத்த உதவியாள் ஒருவர் நீளக் கம்போடு. பாஸ் அவர்களுக்கு என்று சோற்றுப் பார்சலும் சோடாவும் வாங்கி வந்திருந்தார். நான் அதை எதிர்பார்த்து, ஃப்ளாஸ்க்கில் தேத்தண்ணீரும் டின் மீன் சம்பலும் ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். அளவைக்காரருக்கு முன்னால் இரண்டு பக்கமும் சாப்பாடு. அவர் சிரித்தார்.

"அக்கே, அந்த ஐயாட சோறும் சாப்பிடுறது, உங்கட ரொட்டியும் சாப்பிடுறது. மெஷின் ரெண்டுமே சாப்பிடுறதில்ல," என்றார் அவருடைய தமிழில்.

நான் அவரை விட்டு இரண்டடிக்கு மேல் விலகவில்லை. அவர் கருவியில் கண்ணை வைத்தால் நான் அவர் கண்ணைப் பார்த்தேன். உதவியாள் புல்லை விலக்கி எதையோ தேடிக்கொண்டே இருந்தார். மேல் கான் ஓரம் முழுக்கத் தேடினார். காலில் ஏறின அட்டைகளை எடுத்து எறிந்துவிட்டு இறங்கி வந்து, கையை விரித்தார்.

"கல் இல்லை."

"என்ன கல்லு?" என்றேன்.

"எல்லைக் கல். பிளான்ல நாலு மூலைக்கும் நாலு கல் இருக்கு. அங்க இல்ல."

"கான் இருக்கே," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அளவைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பிளானையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். உதவியாளைக் கீழே, முன்பக்கக் கானையும் தாண்டி, ரோட்டோரம் மானாப்புல் மண்டிக் கிடந்த இடத்துக்கு அனுப்பினார். அந்த ஆள் கத்தியால் புல்லை வெட்டி, மண்ணைக் கிளறி, கையை உயர்த்தினார். கல் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டாவது கல்லும் இருந்தது.

"ரோட்டோரத்துல என்ன நம்ம கல்லு?" என்றார் பாஸ். அவர் குரல் மாறியிருந்தது. இதோ, பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அளவைக்காரர் வீட்டுக்குள் நடந்தார். முன் அறையைத் தாண்டி, சமையலறைக்குள் போனார். கையில் இருந்த கருவியைப் பார்த்து ஒரு எட்டு முன்னே வைத்தார், அரை எட்டுப் பின்னே வைத்தார். குனிந்து, பளபளவென்று இருந்த சிமெந்துத் தரையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். கை கழுவும் தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவில்.

"இதுதான் அக்கே, எல்லை. இங்கிட்டு உங்கட காணி. அங்கிட்டு எஸ்டேட்."

அடுப்புத் திட்டு, தொட்டி, பின் ஜன்னல், அதற்கும் பின்னால் மலசலகூடக் குழி, எல்லாம் அங்கிட்டு. நான் சோறு வடிக்கப்போகிற இடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். எவன் உறுதி எழுதித் தந்தாலும் அது என் பேரில் வராது. என்றைக்காவது ஒரு துரை வந்து உடை என்றால் உடைக்க வேண்டும். லயத்தில் அடுப்படி எஸ்டேட்டுடையது. இங்கேயும் அடுப்படி எஸ்டேட்டுடையதா? அப்படியானால் நான் எதற்குக் கடல் தாண்டிப் போனேன்?

அந்தக் கோபத்தில் பாஸ் பக்கம் திரும்பினேன். "நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு சொல்லிக்கிட்டு எஸ்டேட் காணியை எங்க தலையில கட்டப் பார்த்தீங்களே! அந்த ஏஜன்சிக்காரனாவது மூணு வீட்டுக்கு வேலைக்காரியாத்தான் வித்தான். நீங்க அடுப்பையே வித்துட்டீங்களே!"

இன்னும் நிறையச் சொன்னேன். எழுத முடியாததும் உண்டு. பாஸ் பின் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்து, மேலே ஓடிய கானைக் கையால் காட்டினார்.

"கான்தானேக்கா எல்லை?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். "எங்கப்பாவும் கான் வெட்டுனவருதான். இந்தாண்ட நம்மது, அந்தாண்ட தோட்டத்துதுன்னு... கான்தானே?"

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அதைத்தானேம்மா சொன்னேன்," என்றார் மெல்ல.

இருந்தாலும் சந்தேகம் லேசில் போகுமா? நடிக்கிறாரோ? ஊர் சுற்றி வந்த மனுசன், படியில் உட்கார்ந்து அழுகிற மாதிரி நடிக்கத் தெரியாதா? அந்த நேரத்தில் அளவைக்காரர் நூலைப் பிடித்து, கோட்டை அப்படியே பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டினார். உதவியாள் நூல் நுனியோடு பாஸின் தங்கச்சி வீட்டுப் பின்வாசலால் உள்ளே போனார். உள்ளே கறி தாளிக்கிற வாசம் வந்தது.

"அண்ணே!" என்று அந்தப் பெண் போட்ட சத்தம் மூன்று வீட்டுக்கும் கேட்டது. "என்னண்ணே இது, அடுப்புக்குக் கீழ சிவப்பு அடிக்கிறாங்க! யாருண்ணே இவங்க? கறி கருகுது!"

பாஸ் எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அந்த வீட்டிலும் கோடு நேராக அடுப்புக்குக் கீழேதான் போனது. தங்கச்சி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் இடுப்புக் குழந்தையுமாக நின்று அண்ணனைப் பார்த்தாள். "நீங்கதானே அண்ணே கட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். ஊரை ஏமாற்றுகிறவன்கூடத் தன் தங்கச்சி அடுப்பை எஸ்டேட்டுக்குள் வைக்கமாட்டான்.

அளவைக்காரர் எங்கள் ஃப்ளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே விளக்கினார். பிளானில் கான் என்று ஒன்று கிடையவே கிடையாது. கல்தான் எல்லை. இரண்டு கானுக்கும் நடுவில் உள்ள தூரமும், பிளானில் மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் நடுவில் உள்ள தூரமும் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கிறது. காணி பத்துப் பேர்ச்சும் அப்படியே இருக்கிறது, குறையவில்லை. பன்னிரண்டு அடி கீழே, ரோட்டுப் பக்கமாக இருக்கிறது. மானாப்புல் மண்டிக் கிடந்த இடம் முழுக்க எங்கள் காணி. யாருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கான் தண்ணி போறதுக்கு," என்றார் அவர். "அதை எல்லையாக்கினது யாரு?"

நாங்கள் மூன்று பேரும் திரும்பிக் கானைப் பார்த்தோம். அவரவர் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஹட்டனில் சட்டத்தரணி அம்மாவுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தோம். பாஸ் சவரம்கூடச் செய்திருக்கவில்லை. "எஸ்டேட்ல பேசிப் பார்க்கலாம்க்கா. துரைகிட்ட ஒரு லெட்டர் வாங்கினா..." என்று தொடங்கினார்.

"கடிதம் உறுதி ஆகாது," என்றார் சட்டத்தரணி அம்மா. என்னைப் பார்த்தார். "கோட்டுக்கு அங்காலை இருக்கிற ஒரு செங்கல்லுக்கும் நீங்கள் காசு குடுக்காதேங்கோ. விருப்பமெண்டால் ஒப்பந்தத்தை இண்டைக்கே முடிச்சுக்கொண்டு போகலாம். அந்தப் பிரிவு அதுக்குத்தான் இருக்கு."

முடித்துக்கொண்டு போகலாம். போனால் எங்கே போவது? திரும்பவும் காம்பராவுக்கு. தோட்டத்து ஆபீசில் கடிதம் கிடக்கிற விலாசத்துக்கு. மேசைக்கு எதிரே இருந்த பாஸைப் பார்த்தேன். அவர் கை நகத்தில் சிமெந்து காய்ந்திருந்தது.

"பாஸ், ஒழுகாம வீடு கட்டுற ஆளு நீங்க," என்றேன். "அதை மழையில நின்னு பார்த்தேன். அடுப்படியைக் கோடு வரைக்கும் உடைங்க. குழியை மூடுங்க. ரோட்டுப் பக்கம் நம்ம காணி இருக்கில்ல, அங்க கட்டுங்க. கட்டி முடிச்சு, அந்த அளவைக்காரர் திரும்ப வந்து அளந்து சரின்னு ஒப்பம் வெச்ச பிறகுதான் உறுதி."

"ரோட்டுப் பக்கமா?" பாஸ் திகைத்தார். "வாசல்லயா அடுப்படி? ஊரு சிரிக்குமேக்கா."

"சிரிக்கட்டும். என் காணியில நின்னு நான் சமைக்கிறதைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

"எழுதட்டோ?" என்று கேட்டார் சட்டத்தரணி அம்மா. முதன்முறையாகச் சிரித்தார்.

"எழுதுங்கம்மா. எழுதினதை நான் ரெண்டு தரம் வாசிப்பேன்."

பாஸ் சொன்னபடி செய்தார். தங்கச்சி வீட்டையும் சேர்த்துத்தான். முதலில் தன் தங்கச்சி அடுப்பைக் கட்டிவிட்டு என் வேலையை இழுத்தடிப்பார் என்று நினைத்தேன். தினம் போய்ப் பார்த்தேன். என்னுடையதைத்தான் முதலில் கட்டினார். அவள் அந்த நாட்களில் எங்கள் புது அடுப்பில்தான் சமைத்தாள். "உங்க அண்ணன் எனக்குப் பயந்துக்கிட்டு உன்னைப் பட்டினி போடுறாரு," என்றேன். "அவரு எனக்குத்தாங்க்கா அதிகமா பயப்படுறாரு. கரண்டி என் கையிலதான் இருக்கு," என்றாள் அவள்.

எல்லைக் கல்லுக்கு இரண்டடி உள்ளே அடுப்படி எழும்பியது. ஜன்னல் நேராக ரோட்டைப் பார்க்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். மரக்கறி அம்மா ஒருநாள் பஸ்ஸுக்குள் இருந்தே, "தங்கச்சி, இன்னைக்கு என்ன கறி?" என்று கத்தினார். அளவைக்காரர் வந்து அளந்து, கோட்டுக்கு வெளியே ஒன்றும் இல்லை என்று ஒப்பம் வைத்தார். உறுதி என் பேரில் எழுதியாயிற்று. என் பேரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நொத்தாரிசு அம்மாவின் மேசையிலேயே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

பழைய அடுப்படி இருந்த இடத்தில், எஸ்டேட் பக்கம் கிடந்த சிமெந்துத் தரைத் துண்டுகளைப் பாஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் மட்டும் இன்னமும் மழைக்கு முன்னால் மண்வெட்டியோடு மேலே ஏறி அந்தக் கானைத் துப்புரவாக்குகிறார்.

"நம்ம எல்லையே இல்லையே அது," என்றால், "அடைச்சுக்கிட்டா தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதானே வரும்," என்கிறார்.

குடிவந்த பிறகும் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. விலாசம் கிடைத்தாயிற்று, சரி. கடிதம் வருமா? யார் சொன்னார்கள் வரும் என்று? மகளுக்கு எழுதச் சொல்லலாம் என்றால், அவள் போனில் பேசுகிறவள், மறந்துவிடுவாள். ஆகவே ஹட்டனுக்குப் போன ஒரு நாள் தபால் கந்தோரில் உறையும் முத்திரையும் வாங்கி, முன்னும் பின்னும் என் பேரையும் புது விலாசத்தையும் எழுதி, எனக்கு நானே ஒரு கடிதம் போட்டேன். உள்ளே வெறும் தாள் வைக்க மனம் வரவில்லை. புதுப் பிளானின் போட்டோக் கொப்பி ஒன்றை மடித்து வைத்தேன்.

தபால்காரர் சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, அடுப்படி ஜன்னல் வழியாகவே அதை நீட்டினார். உறையைத் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"அக்கா, அனுப்பினதும் நீங்க, வாங்குறதும் நீங்க. உங்களுக்குள்ள என்ன சண்டை?"

வீட்டுக்காரர் உள்ளே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. "இப்பவாவது நம்புறியா?" என்று கேட்டார் அங்கிருந்தே.

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினேன். என் பேர். என் விலாசம். ஒட்டின இடம் பிரியாமல் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன். பிறகு தபால் முத்திரையில் இருந்த திகதியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க," என்றேன். "முந்தாநாள் காலையில போட்டது இது. ஹட்டன்ல இருந்து இங்க வர்றதுக்கு முக்கா மணி நேரம். ரெண்டு நாளா இது எங்க கிடந்துச்சு?"